சலூன்காரர் சொன்ன ‘ஆமாங்க’

நகரமன்றத் தலைவர் தெருக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாரே, அதற்கப்புறம் கவுன்சிலரம்மா வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. “சந்தையில கார் நிறுத்துற இடம் கட்டப் போறோம். கவுன்சிலரம்மா வீட்டுலயே சம்மதம் சொல்லியாச்சு!” என்றார் மனுஷன். யார் சொன்னது, எப்போது சொன்னது, ஒரு விவரமும் கிடையாது. மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

விடிந்தபோது வீட்டில் மூன்று பேர். ஒருத்தி கொதித்துக்கொண்டிருந்தாள். ஒருவன் முழங்கிக்கொண்டிருந்தான். மூன்றாமவர் பல் தேய்க்கக் குளியலறைக்குள் போனவர், போனவர்தான்.

கொதித்தவள் கவுன்சிலரம்மா. சந்தையில் தையல் கடை வைத்திருப்பவள். கட்சி, கொடி, பின்னால் நாலு கார் என்று எதுவும் இல்லாமல், ஒரே ஒரு வாக்குறுதியைச் சொல்லி ஜெயித்தவள். சந்தையில் இடிந்து கிடக்கும் பழைய தண்ணீர்த்தொட்டி இடத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. அவ்வளவுதான். அந்த இடத்தைத்தான் தலைவர் தன் சகலையின் புது ஜவுளிக்கடைக்கு வருகிற கார்களுக்குத் தாரை வார்க்கப் பார்க்கிறார்.

முழங்கியவன் அவளுடைய தம்பி. பஸ் கண்டக்டர், தொழிற்சங்கத்தில் முன்வரிசை. டிக்கெட் கிழிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மேடையில் நிற்கிற மாதிரியே பேசுவான். தீப்பொறி என்று பேர் வைத்ததே சங்கத்துக்காரர்கள்தான்.

“துரோகம் அக்கா! நம்ம வீட்டுக்குள்ளயே எதிரிக்கு ஆள் இருக்கு!”

“வீட்டுல இருக்கிறதே மூணு பேருடா. நான் சொல்லலை. நீ சொன்னியா?”

“நானா? மக்கள் விரோத சக்திகளோட நான் கைகோப்பேனா?”

“அப்ப மிச்சம் யாரு?”

இரண்டு பேரும் மெல்லத் திரும்பிக் குளியலறைக் கதவைப் பார்த்தார்கள். உள்ளே குழாய்ச் சத்தம் சட்டென்று பெரிதாயிற்று.

“வெளிய வாங்க,” என்றாள் கவுன்சிலரம்மா.

“குளிச்சிட்டிருக்கேன்மா.”

“பக்கெட் இங்க வெளிய இருக்கு. எதுல குளிக்கிறீங்க?”

கதவு திறந்தது. கவுன்சிலரம்மாவின் புருஷன் சலூன்காரர் வந்தார். சந்தையில் நல்ல பேர் எடுத்த மனிதர். கை அவ்வளவு மென்மை, குரல் அதைவிட மென்மை. இப்போது பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தலைவர் கடைக்கு வந்தாரா?”

“வாராவாரம் வரவர்தானே.”

“அந்த இடத்தைப் பத்திப் பேசினாரா?”

“பேசினார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலைம்மா. அவர்தான் சொன்னார். கார் நிறுத்த இடம் வந்தா சந்தைக்கே பெருமை, உங்க வீட்டுக்காரம்மாவும் கை தூக்கிடுவாங்க, என்னய்யான்னார். நான்...” துண்டை முறுக்கினார். “ஆமாங்கன்னேன்.”

தீப்பொறி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இதில் சலூன்காரரைத் திட்டுவதற்கு முன்னால் அவர் தொழிலைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு யாராவது வாதம் பண்ணுவார்களா? மழை வரும் என்பவருக்கும் ஆமாங்க, வராது என்பவருக்கும் ஆமாங்க. மருமகள் சரியில்லை என்று மாமனார் வந்து புலம்பினால் ஆமாங்க. அவர் மகன் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து அப்பாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றால் அதற்கும் ஆமாங்க. பதில் சொல்லாவிட்டால் ஆள் திரும்பிப் பார்ப்பான். திரும்பிப் பார்த்தால் கன்னம் கிழியும். கன்னம் கிழியாமலிருக்கச் சொன்ன ஆமாங்க, நாளாக நாளாக நாக்கிலேயே குடியேறிவிட்டது. சந்தையில் அவருக்கு ஆமாஞ்சாமி என்றே பேர். கோபப்பட மாட்டார், கூப்பிட்டால் அதற்கும் ஆமாங்க என்பார்.

“தொழில் பழக்கம்மா. வேணும்னா சொன்னேன்?”

கவுன்சிலரம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மத்தியானம் வெயில் ஏறினதும் என் கடைக்குத் தண்ணி பாட்டில் கொண்டாந்து வைப்பீங்கல்ல, தினம்?”

“ஆமாம்மா. மறந்ததே இல்லையே.”

“அதை நான் ஒருநாளும் குடிச்சதில்லை. வாசல் தொட்டிச் செடியில ஊத்திடுவேன்.”

சலூன்காரருக்குப் புரியவில்லை. அந்தச் செடி கதவு உயரத்துக்கு வளர்ந்து நின்றது. என் வீட்டுக்காரி கை பட்டால் குச்சிகூடத் துளிர்க்கும் என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் பீற்றியிருக்கிறார்.

“ஏம்மா குடிக்கலை?”

“குடிச்சா எங்க போறது? நீங்க சுவத்துக்குப் பின்னாடி போயிட்டு வந்துடுவீங்க. நாங்க? காலையில கடை திறந்தா சாயங்காலம் வீட்டுக்கு வர வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கணும். சந்தையில இருக்கிற அத்தனை பொம்பளையும் அப்படித்தான். எத்தனை பேருக்கு அதனாலயே உடம்பு கெட்டுப்போச்சு தெரியுமா?”

இத்தனை வருஷம் எதிர் எதிர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சலூன்காரருக்குத் தெரியாது. அவருக்கு வெட்கமாகப் போயிற்று. தினமும் பாசமாகத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தோமே, ஏன் குடிக்கவில்லை என்று ஒருநாளாவது கேட்டோமா என்று மனசு அடித்துக்கொண்டது.

“இன்னிக்கு மன்றத்துல தீர்மானம் வருது,” என்றாள் அவள், எழுந்துகொண்டே. “நான் எதிர்த்து நின்னா, வீட்ல ஒண்ணு மன்றத்துல ஒண்ணு பேசறாள்னு சொல்லப் போறார். சந்தையில ஒருத்தரும் இனிமே என்னை நம்ப மாட்டாங்க.”

சாப்பிடாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சலூன்காரர் கடைக்கு நடந்தார். எப்போதும் வழியெல்லாம் யாராவது கூப்பிட்டுப் பேசுவார்கள். இன்றைக்குச் சந்தையே ஊமையாகிவிட்டது. காய்கறிக்காரம்மா மட்டும்தான் வாயைத் திறந்தாள், திறக்காமலே இருந்திருக்கலாம்.

“வாங்கய்யா வாங்க. ஓட்டுக் கேக்கும்போது கக்கூஸ் கட்டறேன்னாங்க உங்க வீட்டம்மா. இப்ப கார் நிறுத்த இடமாமே? நல்லதுதான். என் காரை எங்க நிறுத்தறதுன்னு நானும் ராத்திரியெல்லாம் தவிச்சுக்கிட்டிருந்தேன்!”

பக்கத்துக் கடைப் பெண்கள் சிரித்தார்கள். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது.

“அவ அப்படிச் சொல்லலைம்மா...”

“நீங்க சொன்னீங்களாமே!”

கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு நின்றார். அது நகரமன்றக் கட்டடத்துக் கடை. வாடகைக்கு விடுவதும் காலி பண்ணச் சொல்வதும் மன்றத்தின் கையில். அதாவது, தலைவரின் கையில்.

நினைத்த உடனே அவரே வந்தார். கார் வாசலில் நின்றது. ஷட்டரைக் குனிந்து நுழைந்து நாற்காலியில் சாய்ந்தார்.

“மன்றக் கூட்டம் இருக்கு. பத்திரிகைக்காரங்க வராங்க. மீசையைக் கொஞ்சம் கவனி.”

தலைவருக்கு மீசைதான் எல்லாம். சுவரொட்டியில் அவர் முகத்தைவிட மீசை பெரிதாக இருக்கும். அது உள்ளபடி வெள்ளை வெளேர் என்று இருக்கும் விஷயம் உலகத்தில் மூன்றே பேருக்குத் தெரியும். அவருக்கு, அவர் மனைவிக்கு, சலூன்காரருக்கு.

துணியைப் போர்த்தினார். சாயத்தைக் குழைத்தார். இடது பக்கத்து மீசையில் தூரிகையை ஓட்ட ஆரம்பித்தார்.

“உன் வீட்டுக்காரம்மா காலையில என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போறாங்க. கொஞ்சம் எடுத்துச் சொல்லு. இது பொது இடம் பாரு, ஒரு கை எதிர்த்தாக்கூட மேல இருந்து ஆள் அனுப்பி விசாரிப்பாங்க. ஏகமனதுன்னு எழுதிட்டா ஒருத்தன் கேள்வி கேக்க மாட்டான். அவங்க கை தூக்கிடுவாங்கல்ல?”

தூரிகை நின்றது.

“உன் கடை ஒப்பந்தம்கூட முடியப் போகுது. நான் பாத்துக்கறேன். நமக்குள்ள என்ன? கை தூக்கிடுவாங்கல்ல?”

ஆமாங்க என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. நாக்கு நுனியில் வந்து நின்று, போகட்டுமா என்று கேட்டது. சலூன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணாடியில் எதிர்க்கடை வாசலில் செடி தெரிந்தது.

தலைவர் கண்ணைத் திறந்தார். இந்த நாற்காலியில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வராமலிருந்தது இதுதான் முதல் தடவை.

“என்னய்யா, பேச்சையே காணோம்?”

“தெரியலீங்க,” என்றார் சலூன்காரர்.

குரல் அவருக்கே கேட்கவில்லை. தலைவருக்குக் கேட்டுவிட்டது.

“என்னது?”

“தெரியலீங்க.”

தலைவர் துள்ளி எழுந்தார். “ஓகோ! நீயும் பேசக் கத்துக்கிட்டியா? கடையில நீ இருக்கியா இல்லையான்னு பாக்கறேன்!” துணியை உருவி எறிந்துவிட்டு விறுவிறுவென்று கிளம்பினார்.

“ஐயா, ஐயா! ஒரு பக்கம்தாங்க போட்டிருக்கு!” சலூன்காரர் தூரிகையோடு வாசல்வரை ஓடினார். என்ன இருந்தாலும் தொழில்காரர் இல்லையா? “காயறதுக்குள்ள தொட்டுடாதீங்க!”

கார் போய்விட்டது.

மன்றத்தில் உட்கார இடமில்லை. பார்வையாளர் பெஞ்சில் சந்தைப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கவுன்சிலரம்மா என்ன செய்கிறாள் என்று பார்க்கத்தான் அத்தனை பேரும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் சலூன்காரரும் தீப்பொறியும்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. கவுன்சிலரம்மாவைத் தவிர இன்னும் இரண்டு பெண் உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒருத்தர் ஓய்வுபெற்ற நர்ஸ், இன்னொருத்தி பால் கடைக்காரி. இரண்டு பேருக்கும் பின்னால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரவர் புருஷன்மார் உட்காருவார்கள். உறுப்பினர் என்னவோ பெண்தான், ஓட்டு நாற்காலியிலிருந்துதான் வரும். புருஷன் ஒரு தடவை இருமினால் கை தூக்க வேண்டும். இரண்டு தடவை இருமினால் சும்மா இருக்க வேண்டும். யாரும் இதைத் தப்பென்று சொன்னதில்லை. புதிதாக வருகிறவர்கள்தான், இந்த ஊர்த் தூசு அப்படி என்று நினைத்துக்கொள்வார்கள்.

தலைவர் வந்தார். வாயைக் கைக்குட்டையால் இறுக்கிப் பொத்தியிருந்தார்.

“ஜலதோஷம்,” என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

தீர்மானத்தைப் படித்தார்கள். தலைவர் பக்கம் அந்த இரண்டு பெண்களையும் சேர்த்து ஐந்து கை, எதிர்ப்பக்கம் நான்கு கை, இதுதான் கணக்கு. எப்படியும் ஜெயிப்பார். ஆனால் அவருக்கு ஏகமனது வேண்டும். கவுன்சிலரம்மா கை தூக்கினால் எதிர்ப்பக்கத்து மற்ற மூன்று பேரும் தூக்கிவிடுவார்கள்.

கவுன்சிலரம்மா எழுந்தாள். “எனக்கு இதுல சம்மதமில்லை. அந்த இடம் சந்தைப் பெண்களுக்கு. அதுக்குத்தான் ஓட்டு வாங்கிட்டு வந்தேன்.”

“வீட்டுல ஒரு பேச்சு, இங்க ஒரு பேச்சா?” தலைவர் கைக்குட்டைக்குள்ளேயே சீறினார். “அதோ உக்காந்திருக்கார் உங்க வீட்டுக்காரர். எழுந்திருய்யா! எல்லார் முன்னாடியும் சொல்லு. ஆமான்னு சொன்னியா, இல்லையா?”

மன்றமே திரும்பியது. சலூன்காரர் எழுந்தார்.

“இல்லைன்னு சொல்லுங்க அத்தான்!” தீப்பொறி சட்டையைப் பிடித்து இழுத்தான். “வரலாறு உங்களைப் பாத்துக்கிட்டிருக்கு!”

வரலாறு பார்த்ததோ என்னவோ, கவுன்சிலரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, நேராகவே நின்றாள். சலூன்காரருக்கு அவள் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. அதில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தயாராக இருந்த இரண்டு புருஷன்மார் தெரிந்தார்கள். ஐயையோ, நானும் அந்த நாற்காலியில்தானே இருந்திருக்கிறேன் என்று அவருக்கு உறைத்தது. கடையில் போட்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

“சொன்னேங்க,” என்றார்.

சந்தைப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். தீப்பொறி கண்ணை மூடிக்கொண்டான்.

“ஆமாங்கன்னுதான் சொன்னேன். நான் எல்லாருக்கும் அதைத்தாங்க சொல்றேன். அன்னிக்கு நீங்க எழுந்து போனதும் அடுத்து வந்து உக்காந்தவர் உங்களைத் திருடன்னார். அவருக்கும் ஆமாங்கன்னுதான் சொன்னேன்.”

“யாருய்யா அவன்?” தலைவர் இரண்டு கையையும் மேசையில் அறைந்துகொண்டு எழுந்தார்.

இரண்டு கையும் மேசையில் இருந்தால் கைக்குட்டையை யார் பிடிப்பது? அது நழுவியது. இடது மீசை கருகருவென்று பளபளத்தது. வலது மீசை பஞ்சு மாதிரி வெளுத்துக் கிடந்தது. காய்கறிக்காரம்மா சிரித்தாள் பாருங்கள், கூரை கிளம்பிவிடும் போலிருந்தது. பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் மேசைக்கடியில் பேனாவைத் தேடுகிற சாக்கில் குனிந்து, நிமிரவே இல்லை.

சிரிப்பு அடங்குகிறவரை சலூன்காரர் நின்றுகொண்டே இருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“இன்னும் முடிக்கலீங்க,” என்றார். “நான் ஆமான்னேனா இல்லைன்னேனாங்கிறது பேச்சே இல்லீங்க. ஓட்டு அவங்களோடது. என்னை எதுக்குக் கேட்டீங்க? நான் எதுக்குப் பதில் சொன்னேன்? எதிர்க்கடையிலதான் உக்காந்திருந்தாங்க. எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். அவங்களைக் கேளுங்கன்னு நானாவது சொல்லியிருக்கணும். உங்களுக்கும் தோணலை, எனக்கும் தோணலை. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். உங்ககிட்ட இல்லீங்க. அவங்ககிட்ட.”

உட்கார்ந்துவிட்டார். பெஞ்சு நல்லவேளையாக அங்கேயே இருந்தது.

கவுன்சிலரம்மா அப்போதும் திரும்பவில்லை. ஆனால் காதோரம் சிவந்திருந்தது சலூன்காரருக்கு நன்றாகத் தெரிந்தது.

“நாடகம் போதும்! ஓட்டெடுப்பு!” தலைவர் மறுபடி கைக்குட்டைக்குள் ஒளிந்தார். “ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க!”

பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டும் சேர்ந்து இருமின. பால் கடைக்காரியின் கை பாதி எழுந்தது. அவள் பக்கத்திலிருந்த நர்ஸைப் பார்த்தாள். நர்ஸம்மா கையை மடியில் கோத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நர்ஸம்மாவின் புருஷன் கணக்கை மறந்து இன்னொரு தடவை இருமினார். அப்புறம் நன்றாகக் காறி இருமினார்.

நர்ஸம்மா திரும்பினார். “ரொம்ப நாளா இருக்கிற இருமல். இதை இப்படியே விடக்கூடாது. வெளிய போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க.”

பால் கடைக்காரியின் கை இறங்கிவிட்டது.

மூன்று கைதான் நின்றது. அதில் ஒன்று தலைவருடையது, அவருடைய மற்றக் கை கைக்குட்டையைப் பிடித்திருந்தது. தீர்மானம் தோற்றது. பார்வையாளர் பெஞ்சிலிருந்து எழுந்த சத்தத்தில் தீப்பொறியின் முழக்கம்கூடக் கேட்கவில்லை. பாவம், எத்தனை நாளாக எழுதி வைத்திருந்தானோ!

அந்தச் சந்தடி அடங்குவதற்குள் தலைவர் மேசையைத் தட்டினார். “அடுத்த கூட்டத்துக்கு முதல் விஷயம். சந்தைக் கட்டடத்துச் சலூன் கடையைக் காலி பண்ணி வேற ஆளுக்குக் கொடுக்கிறது. கூட்டம் முடிஞ்சுது.”

வெளியே வந்தார்கள். காய்கறிக்காரம்மா கவுன்சிலரம்மாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் கடையைத் திறக்க ஓடினாள். சலூன்காரர் மன்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கவுன்சிலரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கடை போயிடுமாம்மா?”

“போனாலும் போகும்.”

“நீ இருக்கியே. நாலு பேரைச் சேத்துக்கிட்டு எதிர்த்துப் பேசிட மாட்டே?”

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“முடியாது. நம்ம வீட்டு விஷயம் வந்தா நான் பேசக்கூடாது, ஓட்டுப் போடக்கூடாது. எழுந்து வெளிய போயிடணும். அதுதான் சட்டம்.”

“சட்டத்துல ஏதாவது சந்து இருக்கும் அக்கா!” என்று தீப்பொறி பாய்ந்தான்.

“சந்து தேடறதுக்குத் தலைவர் இருக்கார்டா. சகலைக்காக அவர் பண்ணினதைப் புருஷனுக்காக நான் பண்ணினா, அந்தப் பொம்பளைங்க முகத்துல எப்படி முழிக்கிறது? நான் வெளியதான் போவேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. சலூன்காரருக்குத் தெரிந்த தொழில் முடிதிருத்துவது ஒன்றுதான். ஆனால் அவள் சொல்வது சரி என்பதும் அவருக்குத் தெரிந்தது. இன்றைக்கு முதல்முறையாக, யாரும் கேட்காமலே தெரிந்தது.

“அப்ப எனக்காக அங்க யாரும்மா பேசுவா?”

“நீங்கதான்.”

“எனக்குப் பேசத் தெரியாதே!”

“இன்னிக்கு உள்ள பேசினது யாரு?” என்றாள் கவுன்சிலரம்மா.

சலூன்காரர் யோசித்தார். தானாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.